"டீச்சர் சொன்னாங்க" என்று இனி அமுக்க வேண்டாம்



பதிவு கொஞ்சம் நீளம். கடைசி மணி அடித்த பிறகும் "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி உங்களை உட்கார வைத்தவள்தானே நான். காபியோ டீயோ எடுத்துக்கொண்டு வந்து படியுங்கள். முதலில் ஒரு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அதன் பிறகு அந்தத் தவறின் பின்னால் இருக்கும் 30 ஆண்டு வரலாற்றைச் சொல்கிறேன்.

நம் வகுப்புப் படங்கள் இருக்கும் தளம் உங்களுக்குத் தெரியும். 1983இல் வேலைக்குச் சேர்ந்தது முதல் 2017இல் ஓய்வு பெற்றது வரை 34 ஆண்டுகள். அதில் 31 குரூப் போட்டோக்கள். மீதி மூன்று ஆண்டுகளில் போட்டோகிராஃபருக்குக் கொடுக்கப் பணம் சேரவில்லை. 2020 ஊரடங்கில் என் தம்பி மகன் அவற்றை எல்லாம் ஸ்கேன் செய்து, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றி, என் வீட்டு டிவிக்குக் கீழேயே ஒரு சர்வராக வைத்துவிட்டுப் போனான். "ஏன்டா, இதையும் பெரிய கம்பெனி இடத்துல போட்டா என்ன?" என்று கேட்டேன். "அத்தை, உங்க பிள்ளைங்க முகம் உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றான். எனக்கும் அது பிடித்துப் போனது.

சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கூச்சல். "டீச்சர், உங்க சைட்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்களா?" தளத்தைத் திறந்தால் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று பெரிய எச்சரிக்கை. தம்பி மகனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை அறிவை வைத்து நானே குரூப்பில் எழுதினேன்: "பயப்படாதீங்க. கீழே அட்வான்ஸ்டு என்று இருக்கும், அதை அமுக்குங்க. அப்புறம் ப்ரொசீட் என்று வரும், அதையும் அமுக்குங்க. படம் வந்துடும்."

அறுபது பேருக்கு மேல் அமுக்கினீர்கள். படமும் வந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

அன்று இரவு, 1994இல் ஐந்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், இப்போது வங்கியில் இருக்கிறாள், எனக்குத் தனியாக எழுதினாள். "டீச்சர், எங்கம்மாவும் நீங்க சொன்னபடி அமுக்கினாங்க. நாளைக்கு வேற எங்கயாவது இதே எச்சரிக்கை வந்தாலும் 'டீச்சர் சொன்னாங்களே'ன்னு அமுக்கிடுவாங்க. அப்ப என்ன பண்றது?"

எனக்குத் தூக்கம் வரவில்லை. 34 ஆண்டுகள் நான் சொன்னதைக் கேட்ட பிள்ளைகள் நீங்கள். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போகும்படி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதற்காகத்தான் இந்த மன்னிப்பு. மன்னிப்பு மட்டும் கேட்டால் போதாது, ஏன் தவறு என்று புரிந்துகொள்ள வேண்டும் என்று வகுப்பில் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். எனவே சில மாதங்கள் உட்கார்ந்து படித்தேன். தம்பி மகனைக் கேட்டுக் கேட்டுத் தொல்லை கொடுத்தேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள். எனக்குப் புரிந்தால் உங்கள் எல்லோருக்கும் புரியும்.

சான்றிதழ் என்றால் என்ன?

அந்தக் காலத்தில் வேலைக்கு மனுப் போடும்போது மதிப்பெண் பட்டியலின் நகலில் கெசட்டட் அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவோம், நினைவிருக்கிறதா? பச்சை மையில் கையெழுத்து, கீழே முத்திரை. மனுவைப் பார்ப்பவருக்கு என்னைத் தெரியாது. ஆனால் அந்த அதிகாரியின் பதவி தெரியும். அவரை நம்பி என் நகலை நம்புவார்.

இணையத்திலும் இதுதான். நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது, எதிரில் இருப்பது உண்மையிலேயே அந்தத் தளம்தானா, நடுவில் எவனாவது உட்கார்ந்து அந்த வேடம் போடுகிறானா என்று உங்கள் போனுக்குத் தெரியாது. தளம் ஒரு சான்றிதழை நீட்டும். அதில் ஒரு சான்று நிறுவனத்தின் கையெழுத்து இருக்கும். நம்பத் தகுந்த நிறுவனங்களின் பட்டியல் ஒன்று போனிலும் பிரவுசரிலும் முன்கூட்டியே இருக்கிறது. கையெழுத்து பொருந்தினால் இருவருக்கும் இடையே ரகசியப் பேச்சு தொடங்கும். முகவரியின் தொடக்கத்தில் வரும் ஹெச்டிடிபிஎஸ் என்பதில் கடைசி 'எஸ்' அதைத்தான் குறிக்கிறது.

சான்றிதழுக்கு முடிவுத் தேதியும் உண்டு. ஓய்வூதியம் வாங்குகிற நாங்கள் ஆண்டுதோறும் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று ஆயுள் சான்று கொடுக்கிறோம் இல்லையா? சென்ற ஆண்டு கொடுத்தேனே என்றால் கேட்க மாட்டார்கள். சென்ற ஆண்டு உண்மையாக இருந்தது இந்த ஆண்டும் உண்மைதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? தளத்தின் பெயர் கை மாறியிருக்கலாம், ரகசியச் சாவி திருடு போயிருக்கலாம். அதனால்தான் முடிவுத் தேதி. அது தாண்டினால் பிரவுசர் வாசலிலேயே நிறுத்திவிடும். என் வீட்டில் நடந்தது அதுதான். யாரும் ஹேக் செய்யவில்லை. சான்றிதழ் காலாவதியாகிவிட்டது.

காசு கொடுத்து வாங்கிய காலம்

1995இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனம் எஸ்எஸ்எல் என்ற முறையைக் கொண்டு வந்தது. இணையத்தில் கடன் அட்டை எண்ணைத் தட்டினால் வழியில் யாரும் படித்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். அதே ஆண்டில் அமெரிக்காவில் வெரிசைன் என்ற சான்று நிறுவனம் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் மார்க் ஷட்டில்வொர்த் என்ற இளைஞர் தன் பெற்றோர் வீட்டுக் கார் கொட்டகையில் தாட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1999 டிசம்பரில் வெரிசைன் அதை 57.5 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு 2004இல் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைத் தொடங்கியவரும் அதே ஷட்டில்வொர்த்தான். பச்சை மைக் கையெழுத்தில் எவ்வளவு பணம் இருந்தது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் காலத்தில் சான்றிதழ் வாங்குவது தாலுகா ஆபீஸ் அலைச்சல் போன்றது. கம்ப்யூட்டரில் ஒரு விண்ணப்பக் கோப்பை உருவாக்க வேண்டும். அதை நிறுவனத்துக்கு அனுப்பிப் பணம் கட்ட வேண்டும். மின்னஞ்சலில் பதில் வரும்வரை காத்திருந்து, வந்ததைச் சரியான இடத்தில் வைத்து, சர்வரை ஒரு முறை நிறுத்தி மறுபடி ஓட விட வேண்டும். ஓராண்டு, ஈராண்டு கழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். வாங்கி வைத்தவர் வேலை மாறிப் போயிருப்பார். முடிவுத் தேதி எவர் நினைவிலும் இருக்காது.

விளைவு, வங்கியும் கடையும் மட்டும் சான்றிதழ் வைத்திருந்தன. மற்றவர்கள் திறந்த அஞ்சல் அட்டையில் எழுதுவதுபோல் இணையத்தில் பேசினார்கள். பல பெரிய தளங்கள் கடவுச்சொல் தட்டும் பக்கத்தை மட்டும் மூடிவிட்டு மற்றதைத் திறந்தே விட்டன. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற சின்னக் கருவியை வெளியிட்டார். காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து மேசைக்காரரின் பேஸ்புக் கணக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழைந்துவிட முடியும் என்று உலகத்துக்குக் காட்டினார். அப்போதுதான் பலருக்கு விழிப்பு வந்தது.

கையெழுத்துப் போடுபவரே ஏமாந்தால்?

அடுத்த ஆண்டே இன்னொரு அடி. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்று ஒரு சான்று நிறுவனம். அந்நாட்டு அரசின் தளங்களுக்கே சான்றளித்து வந்தது. 2011 கோடையில் அதன் கம்ப்யூட்டர்களுக்குள் ஒருவன் புகுந்து 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினான். அதில் ஒன்று கூகுளின் பெயரில். அதை வைத்து ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களின் கடிதங்கள் நடுவழியில் படிக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர் இருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது.

அது எப்படி வெளிப்பட்டது தெரியுமா? ஆகஸ்ட் கடைசியில் ஈரானில் ஒருவருடைய குரோம் பிரவுசர் ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. அவர் அதை அமுக்கிக் கடந்து போகவில்லை. "இது என்ன?" என்று பொதுவில் கேட்டார். அந்த ஒரு கேள்வியால் எல்லாம் வெளியே வந்தது. அடுத்த மாதமே டிஜிநோட்டார் திவாலானது.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னைப் போன்ற ஒரு டீச்சர் பக்கத்தில் இருந்து "ப்ரொசீட் அமுக்குங்க" என்று அவரிடம் சொல்லியிருந்தால்?

வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2014 ஜூலையில் நம் மத்திய அரசின் தேசிய தகவலியல் மையத்திலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்திருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. உடனே அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளால், வெளியிடுகிற ஒவ்வொரு சான்றிதழையும் பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற முறை வலுப்பெற்றது. 2018 ஏப்ரல் முடிவுக்குப் பிறகு தரப்படும் சான்றிதழ்கள் அந்தப் பதிவேட்டில் இல்லாவிட்டால் குரோம் ஏற்பதில்லை. யாருக்கு என்ன சான்று கொடுக்கப்பட்டது என்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

வாசலில் ஒரு கோலம்

2012இல் மொசில்லாவில் வேலை பார்த்த ஜோஷ் ஆஸும் எரிக் ரெஸ்கார்லாவும், எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் பீட்டர் எக்கர்ஸ்லியும், மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மனும் ஒரே திசையில் யோசித்தார்கள். சான்றிதழ் இலவசமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அதை வாங்குவதில் மனிதக் கை படவே கூடாது. கை பட்டால் செலவு, தாமதம், மறதி மூன்றும் வரும்.

அந்த முயற்சிக்கு லெட்ஸ் என்கிரிப்ட் என்று பெயர். 2014 நவம்பர் 18இல் அறிவித்தார்கள். அதற்கு எட்டு நாள் முன்புதான், நவம்பர் 10இல், ஓய்வூதியர்களுக்கான ஜீவன் பிரமாண் டிஜிட்டல் ஆயுள் சான்று டெல்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லைதான். ஆனாலும் அலுவலகம் அலுவலகமாக அலைவதை நிறுத்த ஒரே மாதத்தில் இரண்டு முயற்சிகள் என்று எனக்கு ஒரு மகிழ்ச்சி. லெட்ஸ் என்கிரிப்ட்டின் முதல் சான்றிதழ் 2015 செப்டம்பர் 14இல் பிறந்தது. டிசம்பர் 3 முதல் எல்லோருக்கும் கதவு திறந்தது.

அது வேலை செய்யும் விதத்தை என் பாணியில் சொல்கிறேன்.

"இந்த வீடு என்னுடையது, சான்று கொடுங்கள்" என்று ஒருவர் கடிதம் எழுதுகிறார். அதிகாரி பத்திரம் எதையும் கேட்பதில்லை. "நாளைக் காலை நான் சொல்லும் கோலத்தை உங்கள் வாசலில் போடுங்கள். வந்து பார்க்கிறேன்" என்கிறார். அந்த வீட்டு வாசல் உங்கள் வசம் இருந்தால்தானே நீங்கள் கோலம் போட முடியும்? அதிகாரி வருகிறார், பார்க்கிறார், கோலம் சரியாக இருந்தால் சான்று கொடுக்கிறார். ஒரே ஆள் பார்த்தால் ஏமாற்றப்படலாம் என்று, 2020 முதல் பல திசைகளிலிருந்தும் ஆள் அனுப்பிப் பார்க்கிறார்கள்.

சர்வரில் இருக்கும் மென்பொருள்தான் கடிதம் எழுதுகிறவர். கோலம் என்பது ஒரு ரகசியக் குறியீடு. அதைத் தளத்தின் குறிப்பிட்ட ஒரு முகவரியில் வைக்க வேண்டும். கேட்பது, வைப்பது, பார்ப்பது, வாங்குவது, பொருத்துவது எல்லாமே சில நொடிகளில் முடிகிறது. இந்த உரையாடலுக்கு ஆக்மி என்று பெயர். 2019 மார்ச்சில் ஆர்எஃப்சி 8555 என்ற எண்ணில் உலகப் பொதுத் தரமாக அது வெளியானது.

இந்தச் சான்றிதழ்களுக்கு ஆயுள் 90 நாள்தான். ஏன் இவ்வளவு குறைவு? சாவி திருடு போனால் சேதம் குறைவாக இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் எனக்குப் பிடித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றால் எவரும் கையால் செய்ய மாட்டார்கள். இயந்திரத்திடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். நல்ல பழக்கம் வரட்டும் என்றே தவணையைக் குறைத்தார்கள்.

சொந்த சர்வர்காரர்களுக்கு விடிவு

பெரிய நிறுவனங்களுக்கு ஆள் பலம் உண்டு. இந்த மாற்றத்தால் அதிகம் பயன் பெற்றவர்கள் என் தம்பி மகனைப் போல வீட்டு மூலையில் சர்வர் வைத்திருப்பவர்கள்தான்.

முதலில் செர்ட்பாட் போன்ற தனிக் கருவிகள் வந்தன. சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலையும் மாலையும் சான்றிதழைப் பார்த்து, 30 நாள் மிச்சம் இருக்கும்போது புதுப்பிக்கும் உதவியாளர் மாதிரி. 2015இலேயே மேட் ஹோல்ட் என்பவர் உருவாக்கிய கேடி என்ற சர்வர் மென்பொருள் இன்னொரு படி மேலே போனது. உதவியாளரே வேண்டாம், சர்வரே தன் சான்றிதழைத் தானே கவனித்துக்கொள்ளும். தளத்தின் பெயரை எழுதினால் போதும், பூட்டு தானாக விழும். பிறகு அப்பாச்சி என்ற பழம்பெரும் சர்வர் மென்பொருளிலும் அந்த வசதி வந்தது. என்ஜின்எக்ஸ் 2025 ஆகஸ்டில்தான் சொந்தமாக அதைச் சேர்த்து வெள்ளோட்டம் விட்டது.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2017 ஜூனில் உலகில் திறக்கப்பட்ட பக்கங்களில் 58 சதவீதம் ஹெச்டிடிபிஎஸ் வழியாக வந்தன. 2020 பிப்ரவரியில், லெட்ஸ் என்கிரிப்ட் 100 கோடியாவது சான்றிதழைக் கொடுத்தபோது, அது 81 சதவீதம். அப்போது அந்த அமைப்பில் முழுநேர ஊழியர்கள் 13 பேர். அவர்கள் சான்றளித்த தளங்கள் 19 கோடிக்கும் மேல். நம் பள்ளி ஆசிரியர் அறையில்கூட அதைவிட அதிகம் பேர் இருந்தோம்!

நால்வரில் ஒருவரான பீட்டர் எக்கர்ஸ்லி 2022 செப்டம்பரில் தம் 43ஆம் வயதில் காலமானார். நம் போனில் தினமும் நூறு முறை அவருடைய உழைப்பு வந்து போகிறது. அவர் பெயரை இன்று ஒருமுறையாவது வாசித்தீர்களே, அது போதும்.

இயந்திரமும் சறுக்கும்

மறதி எவ்வளவு விலை உயர்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம். 2018 டிசம்பர் 6. பிரிட்டனில் 3 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்ட ஓ2 நிறுவனத்தின் இணையச் சேவை நாள் முழுக்க முடங்கியது. ஜப்பானில் சாஃப்ட்பேங்கும் முடங்கியது. இரண்டுக்கும் கருவி கொடுத்த எரிக்சன் நிறுவனம் சொன்ன காரணம், மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானது!

தானியங்கிப் புதுப்பித்தலிலும் சறுக்கல் உண்டு. 2020 பிப்ரவரி 29இல் லெட்ஸ் என்கிரிப்ட் தன் நிரலிலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைச் சில நாட்களுக்குள் திரும்பப் பெற வேண்டிய நிலை. ஆனால் வீட்டு மூலைகளில் இருக்கும் சர்வர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? அவை தம் தேதி வரும்வரை பேசாமல் இருக்குமே. கடைசியில் சுமார் 17 லட்சத்தைத்தான் ரத்து செய்தார்கள். மீதியை ரத்து செய்தால் ஏராளமான தளங்கள் முடங்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அதிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள். சர்வர் தானாகத் தேதி பார்த்துக் காத்திருக்கக் கூடாது, அவ்வப்போது சான்று நிறுவனத்திடம் போய் "நான் எப்போது புதுப்பிக்கட்டும்?" என்று கேட்க வேண்டும். அவசரம் என்றால் "இப்போதே" என்று பதில் வரும். ஏஆர்ஐ எனப்படும் இந்த முறையை 2023இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். 2025இல் அதுவும் பொதுத் தரமானது.

2021 செப்டம்பர் 30இல் இன்னொன்று. லெட்ஸ் என்கிரிப்ட் ஆரம்பத்தில் தாங்கி நின்ற ஒரு பழைய மூலச் சான்றிதழே காலாவதியானது. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் புதிய மூலச் சான்றிதழின் பெயரே இல்லை. அதற்கு முந்தின ஆண்டுக் கணக்குப்படி ஆண்ட்ராய்டு கருவிகளில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்டவை. பழைய போன் வைத்திருக்கும் ஏழைகள் வெளியே நிற்கக் கூடாது என்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து அவர்களையும் சில ஆண்டுகள் உள்ளே வைத்திருந்தார்கள். கடைசி பெஞ்சை மறக்காதவர்களை எனக்குப் பிடிக்கும்.

என் வீட்டில் என்ன நடந்தது?

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். சென்ற ஆகஸ்ட் கடைசியில் பழைய ரூட்டர் கெட்டுப் புது ரூட்டர் வந்தது. தம்பி மகன் போனில் இரண்டு எண்களைச் சொல்லி, "இந்த ரெண்டு போர்ட்டையும் திறந்து விடுங்க அத்தை" என்றான். 443, 80. முதல் எண்ணைப் போட்டதுமே படங்கள் தெரிந்தன. "வேலை செய்யுதுடா" என்று சொல்லி இரண்டாவதை விட்டுவிட்டேன்.

அந்த 80தான் கோலம் பார்க்க அதிகாரி வரும் வாசல். செப்டம்பர் நடுவில் சான்றிதழுக்கு 30 நாள் மிச்சம் இருந்தபோது செர்ட்பாட் ஒழுங்காகக் கடிதம் எழுதியது. கோலமும் போட்டது. அதிகாரி வந்தார், கேட் சாத்தியிருந்தது, திரும்பிப் போனார். மறுநாளும் அப்படியே. ஒரு மாதம் தினமும் முயன்று, தினமும் தோற்று, ஒவ்வொரு தோல்வியையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது அந்தச் சின்னப் பெட்டி. டிவிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மாதம் சத்தம் போடாமல் அழுதிருக்கிறது. நான் மேலே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் "உங்கள் சான்றிதழ் முடியப் போகிறது" என்று லெட்ஸ் என்கிரிப்ட்டே மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூன் 4உடன் அதை நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலோர் தானியங்கி முறைக்கு வந்துவிட்டார்கள், லட்சக்கணக்கான மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து வைப்பதும் அந்தரங்கத்துக்கு நல்லதல்ல என்று காரணம் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் எச்சரிக்கும் பொறுப்பு அதோடு நம் கைக்கு வந்துவிட்டது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

தவணைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஐந்தாண்டுச் சான்றிதழ்கூட உண்டு. 2020 செப்டம்பரிலிருந்து உச்ச வரம்பு 398 நாள். பிரவுசர் நிறுவனங்களும் சான்று நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். இனி எவராலும் கையால் புதுப்பித்துக் கட்டுப்படியாகாது. இயந்திரம்தான் செய்ய வேண்டும். அது செய்கிறதா என்று ஒரு மனிதர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீபாவளிக்கு வந்த தம்பி மகன் என்னைத் திட்டவில்லை. செர்ட்பாட்டை எடுத்துவிட்டுக் கேடியைப் போட்டான். அது ஒரு வாசல் சாத்தியிருந்தால் இன்னொரு வாசலில் கோலம் போடப் பார்க்குமாம். சான்றிதழுக்கு 20 நாளுக்குக் குறைவாக மிச்சம் இருந்தால் என் போனுக்கும் அவன் போனுக்கும் செய்தி வரும்படி வைத்தான். நான் என் பங்குக்கு, சமையலறைத் தினசரி காலண்டரில் மாதத்தின் முதல் தேதித் தாளில் "பெட்டியைப் பார்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அவன் சிரித்தான். சிரிக்கட்டும். கேஸ் புக் பண்ணும் தேதியும் அங்கேதான் இருக்கிறது. ஒரு தடவையும் தவறியதில்லை.

கடைசியாக வீட்டுப்பாடம்

ஒன்று. பிரவுசர் அப்படி ஓர் எச்சரிக்கை காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். "ப்ரொசீட்" அமுக்காதீர்கள். நம் படத் தளமாக இருந்தாலும் அமுக்காதீர்கள். நானே சொன்னாலும் அமுக்காதீர்கள். எனக்குப் போன் செய்யுங்கள். படம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். 1983இலிருந்து காத்திருக்கிறது, ஒரு நாள் காத்திருக்காதா?

இரண்டு. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக ஒரு தளம் நல்ல தளம் ஆகிவிடாது. "இந்தப் பெயர் கொண்ட தளத்தோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை" என்று மட்டும்தான் சான்றிதழ் சொல்லும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யோக்கியரா என்று சொல்லாது. மோசடிக்காரனுக்கும் இலவசச் சான்றிதழ் கிடைக்கும். மக்கள் பூட்டுப் படத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்றுதான் குரோம் 2023இல் அந்தப் படத்தையே மாற்றிவிட்டது. எனவே வங்கியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

மூன்று. உங்கள் அம்மா, அப்பா, மாமியார் யாராவது அன்று என் பேச்சைக் கேட்டு அமுக்கியிருந்தால், இந்தப் பதிவை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். "டீச்சர் தப்பாச் சொல்லிட்டாங்களாம், அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்று சொல்லுங்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

கேள்வி கேட்ட அந்த முதல் பெஞ்சுப் பெண்ணுக்கு என் ஆசி. மற்றவர்கள் எல்லோரும் என்னை நம்பினீர்கள். அவள் என்னைத் திருத்தினாள். இரண்டுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தளம் இப்போது சரியாக இருக்கிறது. 1987ஆம் ஆண்டு படத்தில் இரண்டாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவன் யார் என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்